தார் மணலைப் பிரிக்க வெந்நீரா, கரைப்பானா? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி

கல்லுக்கட்டி

வணக்கம். காரைக்குடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மினி புராஜெக்ட்டுக்கு, இயற்கையாகவே தார் கலந்து கிடக்கும் தார் மணலிலிருந்து தாரைப் பிரிப்பது என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். உண்மையான தார் மணல் இங்கே கிடைக்காது, அதனால் நானே செய்துகொண்டேன். சாலைக்குப் போடும் விஜி-30 தார், சலித்து வெயிலில் காயவைத்த ஆற்று மணல். கனடாவின் அதபாஸ்கா மணலில் எடைக்கு 10 முதல் 12 சதவீதம் தார் இருக்கும் என்று படித்தேன். அதனால் 900 கிராம் மணலுக்கு 100 கிராம் தார் என்று சட்டியில் சூடாக்கிக் கிளறி ஆறவைத்தேன்.

மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தேன். 80 டிகிரி வெந்நீரில் கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு ஒரு மணி நேரம் கலக்கினேன். ஒன்றுமே பிரியவில்லை, மணல் உருண்டை உருண்டையாகத் திரண்டுகொண்டதுதான் மிச்சம். டொலுவின் என்ற கரைப்பானில் போட்டேன், பத்து நிமிடத்தில் மணல் வெளுத்துவிட்டது. இன்னொரு கரைப்பானான ஹெக்ஸேனிலும் பெரும்பகுதி கரைந்தது, ஆனால் மணலோடு கறுப்புத் துகள்கள் தங்கிவிட்டன.

என் கேள்வி இதுதான். கரைப்பான் இவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது. அப்படியிருக்க கனடாவில் 1967-லிருந்து ஏன் வெந்நீரையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? கைடு கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, நான் கனடாவில் போர்ட் மெக்மரியில் பதினோரு வருடமாக இருக்கிறேன், வேலையே மணலிலிருந்து தாரைப் பிரிக்கும் பிரிவில்தான். நம் ஊர்ப் பிள்ளை இந்தத் தலைப்பை எடுத்திருப்பதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, நிதானமாகவே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் உங்கள் மணல். நீங்கள் காய்ந்த மணலில் தாரைப் பூசிவிட்டீர்கள். சாலை போடும்போது ரோலரின் சக்கரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன்? சக்கரம் ஈரமாக இருந்தால் தார் ஒட்டாது. காய்ந்த சக்கரத்தில் ஒருமுறை ஒட்டிவிட்டால் அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அதபாஸ்கா மணலில் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் முதலில் ஒரு மெல்லிய நீர்ப்படலம், அதற்கு வெளியேதான் தார் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். அந்த ஈரம் மண்ணுக்குள் இருக்கும்போதே உண்டு. ரோலருக்குத் தண்ணீர் சொட்டுகிற வேலையை இயற்கையே செய்து வைத்திருக்கிறது. அதனால்தான் அங்கே வெந்நீர் செல்லுபடியாகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் தார் மணல் உண்டு. அங்கே தார் நேரே மணலில் ஒட்டியிருக்கிறது, உங்கள் சட்டி மணல் மாதிரி. அங்கே வெறும் வெந்நீர் திணறும். ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் லிமோனினைக் கரைப்பானாக வைத்து ஒரு ஆலைகூட முயன்றார்கள், வணிக அளவில் நிலைக்கவில்லை. ஆக நீங்கள் காரைக்குடியில் யூட்டா மணலைச் செய்துவிட்டு கனடா முறையில் கழுவியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, காஸ்டிக். அது நேராகத் தாரைக் கரைப்பதில்லை. தார் மணலில் உள்ள பிட்டுமனில், அதாவது இயற்கைத் தாரில், இயல்பாகவே நாப்தெனிக் அமிலங்கள் உண்டு. காஸ்டிக் அவற்றோடு சேர்ந்து அங்கேயே சோப்பாகிறது. எண்ணெய்க் குளியலன்று சீயக்காய் தலையில் என்ன செய்கிறதோ அதைத்தான் இந்தச் சோப்பு மணலில் செய்கிறது. உங்கள் விஜி-30 சுத்திகரிப்பு ஆலையின் அடிவண்டல், அதில் சோப்பாக மாற அமிலம் அவ்வளவாக இருக்காது. காஸ்டிக் வேலையில்லாமல் நின்றிருக்கும். போதாததற்கு விஜி-30 மிகக் கெட்டி.

மூன்றாவது, காற்று. பிட்டுமனின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். மணலை விட்டு விலகினாலும் தானாக மிதக்காது. காற்றுக் குமிழ் ஒட்டினால்தான் நுரையாக மேலே வரும். சிவகங்கைக்குப் பக்கத்தில் தமிழக அரசின் டாமின் நிறுவனத்தின் கிராபைட் ஆலை இருக்கிறதே, சராசரி 14 சதவீதம் கார்பன் உள்ள கல்லை அரைத்து நுரையில் ஏற்றித்தான் பிரிக்கிறார்கள். கிராபைட்டுக்கும் தாருக்கும் தண்ணீர் பிடிக்காது, குமிழைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். முடிந்தால் ஒருமுறை அனுமதி வாங்கிப் போய்ப் பாருங்கள். உங்கள் தலைப்புக்கு அதைவிட நல்ல பாடம் பக்கத்தில் இல்லை.

இந்த முறையை 1920களில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உருவாக்கியவர் கார்ல் கிளார்க். அவர் 1966 டிசம்பரில் காலமானார். முதல் பெரிய ஆலை திறந்தது 1967 செப்டம்பரில். நாற்பது வருடம் உழைத்த மனிதர், ஒன்பது மாதத்தில் தவறவிட்டார். எனக்கு அதை நினைத்தாலே மனது என்னவோ செய்யும்.

புதுவயல் தவிடு

ரஸ்தா அண்ணன் சொன்ன நீர்ப்படலம் விஷயம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரைப்பானை இப்படி ஓரம் கட்ட என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

எங்கள் வீட்டில் புதுவயலில் அரிசி மில் இருக்கிறது. நான் அதற்கு முன் வெளியூரில் கரைப்பானால் எண்ணெய் எடுக்கும் ஒரு சால்வன்ட் பிளான்ட்டில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ போட்டால் முழுதாக வராது. ஹெக்ஸேனில் நனைத்தால் சக்கையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான், செக்கு விட்ட ஆறேழு சதவீதத்தைச் சால்வன்ட் வாங்கிவிடும். எண்ணெயையும் ஹெக்ஸேனையும் சூடாக்கிப் பிரிப்போம், ஹெக்ஸேன் 69 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், குளிரவைத்துத் திரும்ப எடுத்து மறுபடி தவிட்டில் விடுவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் எண்ணெயில் கலப்பதில்லை, கழிவுக்குளம் கிடையாது. தவிட்டுக்கு இவ்வளவு அழகாக நடப்பது மணலுக்கு ஏன் நடக்கக்கூடாது? 10 சதவீதத் தார் என்றால் தவிட்டைவிடக் குறைவுதான், ஆனால் மணல் எண்ணெயை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளாதே, மேலேதானே பூசியிருக்கிறது. இன்னும் சுலபமாக அல்லவா இருக்கவேண்டும்?

நம் பக்கத்து மனிதர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். தண்ணீரே வேண்டாத ஒரு முறை இருக்கும்போது அதை விடக்கூடாது.

கல்லுக்கட்டி

தவிடு அண்ணன் சொன்னதுதான் எனக்கும் தோன்றியது. ரஸ்தா அண்ணே, ஹெக்ஸேனில் அந்தக் கறுப்புத் துகள் ஏன் வந்தது? டொலுவினில் வரவில்லையே.

தேவகோட்டை ரஸ்தா

அந்தத் துகள் அஸ்பால்ட்டீன். தாரிலேயே மிகக் கனமான பகுதி. டொலுவினில் கரையும், ஹெக்ஸேன், ஹெப்டேன், பென்டேன் மாதிரி நேர்சங்கிலிக் கரைப்பானில் கரையாமல் படிந்துவிடும். தவிட்டு எண்ணெயில் இப்படி ஒரு பொருளே இல்லை. எல்லாம் கொழுப்பு, ஹெக்ஸேனில் சுத்தமாகக் கரையும். தவிட்டையும் தாரையும் ஒன்றாக வைத்துப் பேசும்போது முதலில் இடிக்கிற இடம் இது.

ஆனால் தவிடு, உங்களை நான் ஓரம் கட்டவில்லை. எங்கள் ஆலைகளிலும் கரைப்பான் இருக்கிறது, அடுத்த கட்டத்தில். வெந்நீரில் பிரிந்து வரும் நுரையில் ஏறக்குறைய 60 சதவீதம் பிட்டுமன், 30 சதவீதம் தண்ணீர், 10 சதவீதம் மண். அதை அப்படியே குழாயில் அனுப்ப முடியாது. அதனால் நுரையில் நாப்தா என்ற லேசான பெட்ரோலியக் கரைப்பானைக் கலந்து இளக்கித் தண்ணீரையும் மண்ணையும் பிரிப்பார்கள். சில ஆலைகளில் நாப்தாவுக்குப் பதில் பென்டேன், ஹெக்ஸேன் வகை. அங்கே அஸ்பால்ட்டீனில் ஒரு பகுதி வேண்டுமென்றே படியவைக்கப்படுகிறது. அது படியும்போது நுண்மண்ணையும் நீர்த்துளியையும் வாரிக்கொண்டு கீழே போகும், மேலே சுத்தமான தார் கிடைக்கும். உங்கள் குடுவையில் தொல்லையாகத் தெரிந்த துகள் அங்கே துடைப்பமாக வேலை செய்கிறது.

சரி, முழு மணலையும் ஏன் கரைப்பானில் போடுவதில்லை? ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பீப்பாய் தாருக்கு ஏறக்குறைய இரண்டு டன் மணல் வேண்டும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். ஆல்பர்ட்டாவின் ஒழுங்குமுறை விதிப்படி ஆயிரம் பீப்பாய் தாருக்கு நான்கு பீப்பாய்க்கு மேல் கரைப்பான் வீணாகக்கூடாது. அதாவது ஒரு பீப்பாய்க்கு 636 மில்லி. அது இரண்டு டன் மணலில் பரவினால் ஒரு கிலோ மணலுக்கு 0.32 மில்லி, ஆறேழு சொட்டு. மணல் முழுவதையும் டொலுவினில் நனைத்துவிட்டு, கிலோவுக்கு ஆறேழு சொட்டு மட்டும் விட்டு மீதியைத் திரும்ப எடுக்க வேண்டும். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான டன் மணலில். தம்பி, உங்கள் வெளுத்த மணலை மோந்து பாருங்கள், வாசனை வருகிறதா?

கல்லுக்கட்டி

வருகிறது. இரண்டு நாள் விரித்து வைத்தும் வருகிறது.

ஊருணிக்கரை

நான் பள்ளத்தூர்ப் பக்கம், முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். முதலில் ஒன்று, தம்பி. டொலுவின் மணலை முகர்ந்து பார்க்காதே, வீட்டுக்குள்ளும் விரிக்காதே. ரஸ்தா, நீங்களும் பிள்ளையிடம் மோந்து பார் என்று சொல்லலாமா? ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் (ஃபியூம் ஹுட்) வைத்து, எடை குறைவது நிற்கும்வரை எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே நல்ல அளவீடு.

அடுத்தது தண்ணீர். இங்கே எல்லோரும் மணலை விட்டுத் தார் போனதா என்று மட்டும் பேசுகிறீர்கள். கழுவின தண்ணீர் என்ன ஆகிறது? ஊருணிக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊருணியில் கால் கழுவ விடமாட்டார்கள். வரத்துக் கால்வாயில் யாரும் சாணியைக்கூடப் போட விடமாட்டார்கள். வீட்டு முற்றத்தில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்துவைத்த ஊர் இது. அதனால் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ரஸ்தா, நீங்கள் அங்கேயே இருப்பவர். ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா

மன்னிக்கணும் ஆச்சி, மோந்து பார் என்றது என் தப்பு. தம்பி, ஆச்சி சொல்வதைக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயம். ஒளிக்க ஒன்றுமில்லை, இதுதான் எங்கள் தொழிலின் பெரிய புண். ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி திரும்பத் திரும்பப் பயன்படுவதுதான். அப்படியும் ஒரு பீப்பாய்க்கு 2 முதல் 4 பீப்பாய் வரை புதுத் தண்ணீர் போகும், முக்கியமாக அதபாஸ்கா ஆற்றிலிருந்து. அது எங்கே போகிறது? கழிவுக்குளத்தில் சேற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. மணல் உடனே படிந்துவிடும். 44 மைக்ரானுக்கும் சிறிய களிமண் படியாது. சில வருடத்தில் தயிர் பதத்துக்கு வரும், எடையில் 30 சதவீதம் மண், மீதி தண்ணீர், அவ்வளவுதான், அதற்கு மேல் பல பத்தாண்டுகளுக்கு இறுகவே இறுகாது. இப்படித் தேங்கியிருக்கும் சேற்றுநீர் இன்று 100 கோடி கன மீட்டருக்கு மேல். ஐந்து வைகை அணையை நிரப்பும்.

2008 ஏப்ரலில் ஏறக்குறைய 1,600 வாத்துகள் சின்க்ரூட் நிறுவனத்தின் குளத்தில் இறங்கித் தாரில் சிக்கிச் செத்தன. பனி உருகாத காலம், அந்தக் குளம் மட்டும் உறையாமல் இருந்தது, வேறு போக்கிடம் இல்லை. 2010-இல் முப்பது லட்சம் டாலர் தண்டம் விதித்தார்கள். 2023-இல் கேர்ல் என்ற தார் மணல் சுரங்கத்தில் 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வழிந்தது. அதற்கு முன்பே 2022 மே மாதத்திலிருந்து அங்கே கசிவு தெரிந்திருந்தும், ஆற்றின் கீழ்ப்புறம் போர்ட் சிப்பவையனில் இருக்கும் பூர்வகுடி மக்களுக்கு மாதக்கணக்கில் சரியாகச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னோடு வேலை பார்க்கிறார். அந்த வாரம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

எங்கள் தொழிலின் முதல் கழிவுக்குளத்தை 2010-இல் மூடிச் செடி நட்டார்கள், உண்மை. ஆனால் அதிலிருந்த சேற்றை வேறு குளத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மூடினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுவயல் தவிடு

இதைத்தான் அண்ணே நான் சொன்னேன். கரைப்பானில் குளமே வராது.

தேவகோட்டை ரஸ்தா

குளம் வராது, சரி. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம்? நான்கைந்து சதவீதம் தண்ணீர் மணலுக்குள்ளேயே உண்டு. கரைப்பானை ஆவியாக்க நீங்கள் மணலைச் சூடாக்கினால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து சூட்டைக் குடிக்கும். ஒரு கிலோ டொலுவினை ஆவியாக்க 360 கிலோஜூல் போதும், ஒரு கிலோ தண்ணீருக்கு 2,257. அப்புறம் நுண்மண். கரைப்பானில் களிமண் நன்றாக மிதக்கும், தாரோடு சேர்ந்தே வெளியே வரும். அதைப் பிரிக்க இன்னொரு ஆலை. எரிவாயுச் செலவு, தீப்பிடிக்கும் ஆபத்து, எல்லாவற்றையும் கூட்டித்தான் இன்றுவரை பெரிய அளவில் யாரும் நடத்தவில்லை.

ஆத்தங்குடி

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எங்களுக்கு டைல்ஸ் பட்டறை. அந்தக் கழுவிய மணலைச் சிமென்ட் வேலைக்குப் பயன்படுத்த முடியுமா? எங்களுக்கு மணல் கிடைப்பதே பாடாக இருக்கிறது, அங்கே மலையாகக் கிடக்கிறதாமே.

ஊருணிக்கரை

எண்ணெய்ப் படலம் மிச்சமிருந்தால் சிமென்ட் பிடிக்காது அப்பா. கான்கிரீட் ஊற்றும் முன் பலகையில் எண்ணெய் தடவுவது எதற்கு, ஒட்டாமல் எடுக்கத்தானே. மணி மணியாக எண்ணெய் தடவினால் கல்லே உதிரும்.

தம்பி கல்லுக்கட்டி, நீ எந்தத் தண்ணீரில் சோதனை செய்தாய்?

கல்லுக்கட்டி

ஆய்வகக் குழாய்த் தண்ணீர்தான் ஆச்சி. போர் தண்ணீர். ஏன்?

ஊருணிக்கரை

காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கும், போர் தண்ணீரில் எப்படி நுரைக்கும் என்று வீட்டில் கேட்டுப் பார். உப்புத் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். ரஸ்தா சொன்ன அந்தச் சோப்புதான் தாரைப் பிரிக்கிறது என்றால், உன் போர் தண்ணீர் அதை முளையிலேயே கிள்ளியிருக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

ஆச்சி, நான் மறந்தே போனேன்! எங்கள் ஆலையில் தண்ணீரின் கால்சியத்தைத் தினமும் பார்ப்போம். கால்சியமும் களிமண்ணும் சேர்ந்தால் தார்த்துளியின் மேல் களிமண் போர்வை மாதிரி ஒட்டிக்கொள்ளும், குமிழ் அதைப் பிடிக்க முடியாது. தார் எடுப்பு சட்டென்று விழும்.

தம்பி, இப்படிச் செய்து பாருங்கள். மணலை முதலில் நன்றாக நனைத்து, நீர் வடித்து, ஈரத்தோடு எடுங்கள். விஜி-30-இல் கொஞ்சம் டீசல் சேர்த்து இளக்குங்கள். மிதமான சூட்டில் பிசையுங்கள், தண்ணீர் கொதித்துப் போகக்கூடாது. அமிலத்துக்குத்தான் என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

புதுவயல் தவிடு

அதற்கு என்னிடம் வழி இருக்கிறது. தவிடு அரைத்த சில நாளிலேயே அதிலுள்ள நொதி எண்ணெயை உடைத்து அமிலமாக்கிவிடும். மில்காரர்களுக்கு அது தலைவலி, உங்களுக்கு அது மருந்து. அமிலம் ஏறிய கச்சாத் தவிட்டு எண்ணெய் கால் லிட்டர் தருகிறேன். தாரில் நூற்றுக்கு இரண்டு என்று கலந்துகொள்ளுங்கள். காஸ்டிக் பட்டதும் சோப்பாகும். ஞாயிற்றுக்கிழமை புதுவயலுக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம்.

ஊருணிக்கரை

அப்படியே கண்மாயிலிருந்து ஒரு கை களிமண்ணும் மணலில் சேர். உண்மையான மணலில் களிமண் இருக்கும், உன்னுடையதில் சலித்து எடுத்துவிட்டாய். களிமண் இல்லாமல் செய்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், பிரச்சினையே இல்லை என்று தவறாக நினைத்துக்கொள்வாய்.

கல்லுக்கட்டி

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். தவிடு அண்ணனுக்கு முதலில் நன்றி, எண்ணெயோடு சாப்பாடும் போட்டு அனுப்பினார்.

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். ஈர மணல், ஆறில் ஒரு பங்கு கண்மாய்க் களிமண், டீசலில் இளக்கிய தார், இரண்டு சதவீதம் தவிட்டு எண்ணெய். காற்றுக்கு மீன் தொட்டி மோட்டார். ஒரே கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சம்பை ஊற்றுத் தண்ணீரிலும் இன்னொன்றைப் போர் தண்ணீரிலும் கழுவினேன். இரண்டுக்கும் ஒரே அளவு காஸ்டிக், 75 டிகிரி.

ஊற்றுத் தண்ணீரில் நான்கைந்து நிமிடத்தில் கறுப்பு நுரை மேலே வந்தது. கரண்டியால் வழித்து எடுத்தேன். மிச்ச மணலை டொலுவினில் போட்டு அளந்ததில் (புகைக்கூண்டுக்குள்தான், ஆச்சி) போட்ட தாரில் முக்கால் பங்குக்கு மேல் நுரையோடு வந்துவிட்டது. போர் தண்ணீரில் பாதிகூட வரவில்லை. நுரை சாம்பல் நிறமாக, மண்ணோடு வந்தது.

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குழப்புகிறது. இரண்டு தண்ணீரையும் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். போர் தண்ணீர் ஜாடி மறுநாள் காலையிலேயே மேலே தெளிந்துவிட்டது. ஊற்றுத் தண்ணீர் ஜாடி இன்றோடு எட்டு நாள், பால் டீ மாதிரி அப்படியே நிற்கிறது.

தேவகோட்டை ரஸ்தா

தம்பி, எங்கள் தொழிலின் முடிச்சே உங்கள் ஜன்னலில் நிற்கிறது.

களிமண் துகள்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. காஸ்டிக் அதை இன்னும் கூட்டும். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும். கால்சியம் வந்தால் அந்த விலக்கம் குறைந்து திரண்டு படியும். ஆக, தாரை விடுவிப்பதற்கு எது நல்லதோ அதுவே சேற்றைத் தொங்கவிடுகிறது. சேற்றைப் படியவைப்பது எதுவோ அது தாரைக் கெடுக்கிறது. எங்கள் ஊரில் சில ஆலைகள் குளத்துச் சேற்றில் ஜிப்சம் கலந்தார்கள், அது கால்சியம்தானே. சேறு இறுகியது. அந்தத் தண்ணீர் திரும்ப ஆலைக்கு வந்தபோது கால்சியத்தோடு வந்தது. நான் சேர்ந்த முதல் வருடம் இதற்காகவே பல இரவு விழித்திருக்கிறோம்.

புதுவயல் தவிடு

இதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரைப்பானுக்காக இவ்வளவு வாதாடினேன். நான் வேலை பார்த்த ஆலையில் ஒருமுறை நீராவி குறைந்துபோய், சக்கையில் ஹெக்ஸேன் முழுதாகப் போகாமலே கிட்டங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். மூட்டை அடுக்கிய இடத்தில் ஆவி தரையோடு தவழ்ந்தது. எங்கிருந்தோ ஒரு பொறி. என்னோடு வேலை பார்த்தவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அன்றைக்கு யாரும் எண்ணெய் எடுப்பதில் குறை வைக்கவில்லை, சக்கையில் தங்கியதைத்தான் கவனிக்கவில்லை. ரஸ்தா அண்ணன் ஆறேழு சொட்டு என்று கணக்குச் சொன்னபோது அந்தக் கைகள்தான் நினைவுக்கு வந்தன. பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான். கரைப்பான் வேண்டாம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். அதைத் திரும்ப எடுக்கிற வழியில்தான் மூளையைச் செலவழிக்கவேண்டும்.

ஊருணிக்கரை

அந்த மனிதர் இப்போது நலம்தானே? எழுதுங்கள்.

திரும்ப எடுக்கிற வழி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஜெஸ்ஸப் என்பவரின் குழு ஒருவகை அமீன் கரைப்பானைக் காட்டினார்கள். சாதாரணமாக அது தண்ணீரோடு சேராது, எண்ணெயைக் கரைக்கும். தண்ணீரில் கரியமில வாயுவைச் செலுத்தினால் அதே கரைப்பான் தண்ணீரோடு கலந்துவிடும், எண்ணெய் தனியே நிற்கும். வாயுவை வெளியேற்றினால் கரைப்பான் மறுபடி பிரிந்து மேலே வரும். கொதிக்கவைத்து ஆவியாக்கவே வேண்டியதில்லை. தார் மணலிலும் ஆய்வக அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். வகுப்பில் சொல்ல இவ்வளவு அழகான வேதியியல் எனக்குக் கொஞ்சம்தான் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த அமீனும் தண்ணீரில் கொஞ்சம் தங்கும், களிமண்ணிலும் ஒட்டும். கேள்வி அங்கேயும் அதேதான்.

தம்பி, உன் பால் டீ ஜாடிக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் தேத்தாங்கொட்டை வாங்கு. எங்கள் ஆயா ஊருணித் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தின் உள்பக்கம் அதை இழைத்துவிட்டு மூடி வைப்பார்கள், காலையில் தெளிந்திருக்கும். அதில் கால்சியம் சேர்ப்பதில்லை. விதையில் உள்ள பொருள்களே களிமண்ணைத் திரட்டும். காஸ்டிக் தண்ணீரில் எவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. செய்துதான் பார்க்கவேண்டும்.

புதுவயல் தவிடு

நலமாக இருக்கிறார் ஆச்சி. சொந்த ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். விரல் முழுதாக மடங்காது.

கல்லுக்கட்டி

தேத்தாங்கொட்டை கிடைத்தது. ஜாடித் தண்ணீரை மூன்றாகப் பிரித்தேன். ஒன்றில் எதுவும் போடவில்லை, ஒன்றில் கொட்டை இழைத்தேன், ஒன்றில் ஜிப்சம் ஒரு சிட்டிகை.

ஜிப்சம் இரண்டு மணி நேரத்தில் தெளிந்தது. கொட்டை முதல் நாள் ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரில் காரத்தன்மை அதிகமோ என்று நினைத்து, அதே தண்ணீரில் இன்னொரு குவளை எடுத்து, காற்று மோட்டாரை ஒரு ராத்திரி ஓடவிட்டு, பிஎச் 11-லிருந்து 9-க்குக் கீழே இறங்கியபின் இழைத்தேன். மறுநாள் மேலே இரண்டு விரற்கடை தெளிந்திருந்தது. அடியில் சேறு தளர்வாகத்தான் இருக்கிறது, ஆட்டினால் எழும்புகிறது.

அந்தத் தெளிந்த தண்ணீர், ஜிப்சம் போட்டுத் தெளிந்த தண்ணீர், இரண்டிலும் திரும்ப மணல் கழுவிப் பார்க்கப்போகிறேன். ரஸ்தா அண்ணே, காஸ்டிக் மறுபடி எவ்வளவு சேர்க்கட்டும்? முதலில் போட்ட அளவேவா, பாதியா?

தேவகோட்டை ரஸ்தா

பாதியில் ஆரம்பியுங்கள். பிஎச் 8.5 முதல் 9 வரை வந்ததும் நிறுத்துங்கள். முதல் தடவை நீங்கள் போட்டது அதிகம், அதனால்தான் சேறு அவ்வளவு அடம் பிடித்தது. முடிவை இங்கேயே போடுங்கள், எங்கள் ஷிப்டில் இருப்பவர்களிடம் காட்டவேண்டும்.

ஊருணிக்கரை

டொலுவின் பட்ட மணலையும் கழுவின தண்ணீரையும் என்ன செய்தாய்?

கல்லுக்கட்டி

மணல் மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது, நாலு கிலோ. டொலுவினைக் காய்ச்சி வடித்து முக்கால் லிட்டர் திரும்ப எடுத்துவிட்டேன். ஆபத்துக் கழிவு எடுக்க வருபவர்கள் மாதக் கடைசியில்தான் வருவார்களாம். தண்ணீர் முழுக்கக் கேனில் பிடித்து வைத்திருக்கிறேன் ஆச்சி, ஒரு சொட்டுகூடச் சாக்கடையில் விடவில்லை. இருபத்திரண்டு லிட்டர்.

ஊருணிக்கரை

நல்லது. கேனில் தேதியும் உள்ளே இருப்பதும் எழுதி ஒட்டு.